கூண்டுக்கு வெளியே நின்றவர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர் "சிரிக்க வைத்தே அரசியல் பேச முடியுமா?" என்று கேட்டிருந்தார். 1992-இல் இரண்டு கலைஞர்கள் தங்களைத் தாங்களே கூண்டில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்த கதையை நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் விவரம் கேட்டிருக்கிறீர்கள், மீதிப் பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எடுத்து வைத்துவிட்டு இதை மட்டும் பேசலாம்.

திண்டுக்கல் வாசகி: கூண்டுக்குள் உட்கார்ந்து அவர்கள் என்னதான் செய்தார்கள்? பார்த்தவர்கள் நிஜமாகவே நம்பினார்களா?

முழுசாகவே சொல்கிறேன். ஒருவர் கோகோ ஃபுஸ்கோ, நியூயார்க்கில் பிறந்தவர், அம்மா வழியில் கியூபா. மற்றவர் கியெர்மோ கோமெஸ் பெஞ்யா, மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1992 என்பது கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் போய் இறங்கி 500 வருஷம் ஆன ஆண்டு. அதை ஒரு கண்டுபிடிப்பின் கொண்டாட்டமாக அரசாங்கங்கள் நடத்திக்கொண்டிருந்தன. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களைப் பற்றி அந்த விழாக்களில் பெரிதாகப் பேச்சில்லை. சரி, கண்டுபிடிக்கப்படாத இரண்டு பேராக நாமே போய் நிற்போம் என்று இவர்கள் முடிவு செய்தார்கள்.

மெக்சிகோ வளைகுடாவில் 'குவாட்டினாவ்' என்று ஒரு தீவு இருக்கிறது, ஐரோப்பியர் கண்ணில் இத்தனை நூற்றாண்டாகப் படாத தீவு, நாங்கள் அந்தத் தீவுக்காரர்கள் என்று ஒரு கதை. தங்க நிறக் கூண்டு. ஃபுஸ்கோ புல் பாவாடை கட்டியிருப்பார், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, காலில் சாதாரண ஷூ. கோமெஸ் பெஞ்யா மல்யுத்தக்காரர்கள் போடுகிற முகமூடியும் மார்புக் கவசமும் அணிந்திருப்பார். உள்ளே டிவி இருந்தது, லேப்டாப் இருந்தது. அவர்களுடைய 'பாரம்பரிய வேலைகள்' என்று அறிவித்தவை எவை தெரியுமா? பொம்மை தைப்பது, எடை தூக்குவது, டிவி பார்ப்பது, லேப்டாப்பில் தட்டுவது. முன்னால் ஓர் உண்டியல். காசு போட்டால் அந்தப் பெண் ராப் பாட்டுக்கு ஆடுவார், ஆண் அர்த்தமில்லாத ஒரு மொழியில் கதை சொல்வார், விரும்பினால் பக்கத்தில் நின்று போலராய்டு படம் எடுத்துக்கொள்ளலாம். காவலாளிகள் சாண்ட்விச்சும் பழமும் கொண்டுவந்து ஊட்டுவார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கழுத்தில் கயிறு கட்டித்தான் கூட்டிப்போவார்கள்.

மாட்ரிட் நகரின் கொலம்பஸ் சதுக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் லண்டன், வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், சிட்னி, சிகாகோ, நியூயார்க் என்று போனார்கள்.

லேப்டாப்பும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கும்போது யார் நம்புவார்கள் என்றுதான் அவர்களே நினைத்திருந்தார்கள். பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும், சிரிப்பார்கள், அப்புறம் யோசிப்பார்கள் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு தப்பிப்போனது. கணிசமான பேர் அப்படியே நம்பினார்கள். நம்பியதில்கூட எனக்கு ஆச்சரியம் இல்லை, நம்பிய பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் என் மனசு நிற்கிறது. இரண்டு மனிதர்களைக் கூண்டில் வைத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டே உண்டியலில் காசு போட்டார்கள், சிரித்த முகமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் இர்வைன் என்ற ஊரில் ஒரு பெண்மணி அந்த ஆணைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, தொடுவதற்குக் கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்தக் கையுறையைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மித்சோனியனில் அதைப் பார்த்த பழங்குடிப் பெரியவர் ஒருவர், அரிசோனாவிலிருந்து வந்தவர், இந்த அருங்காட்சியகத்தில் எங்களைப் பற்றி வைத்திருக்கிற எல்லாவற்றையும்விட இதுதான் நிஜம், அந்தக் கூண்டில் என் பேரப்பிள்ளைகளின் முகம் தெரிகிறது என்ற பொருளில் சொன்னாராம். ஃபுஸ்கோ பிறகு எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. கதை பொய் என்று தெரிந்தவருக்கு அது உண்மையாக இருந்தது.

கரூர் வாசகர்: எப்படிச் சொன்னாலும் இது ஏமாற்று வேலைதான். வந்தவர்களை முட்டாளாக்கிவிட்டு அதற்குக் கலை என்று பெயர் வைப்பதா?

உங்கள் கோபம் புரிகிறது. அன்றைக்கே அங்கே இருந்த அறிவாளிகளும் அருங்காட்சியக அதிகாரிகளும் இதைத்தான் கேட்டார்கள். பொய் சொல்லலாமா, பார்வையாளரை ஏமாற்றலாமா என்று. ஃபுஸ்கோவுக்கு இருந்த வருத்தமே அதுதான். கூண்டைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் எல்லோரும் பொய்யைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. மனிதர்களை மனிதர்கள் காட்சிப்பொருளாக வைத்த வரலாறு அதில் வருஷ வாரியாக எழுதியிருந்தது. 1493-இல் கொலம்பஸ் தன்னோடு ஸ்பெயினுக்குக் கொண்டுபோன தீவுவாசிகளிலிருந்து தொடங்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து 1810-இல் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டுக் காசுக்குக் காட்டப்பட்ட சாரா பார்ட்மன் 1815-இல் பாரிசில் இறந்தார். அதோடும் விடவில்லை. அவருடைய எலும்புக்கூடும் உடலின் பாகங்களும் 1970-கள் வரைக்கும் பாரிசில் ஓர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தன, 2002-இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பிவந்து அடக்கமானார். காங்கோவைச் சேர்ந்த ஓட்டா பெங்காவை 1906-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்தில் குரங்குகள் இருக்கிற கட்டடத்தில் வைத்துக் காட்டினார்கள். பத்து வருஷம் கழித்து அவர் தற்கொலை செய்துகொண்டார். இது எங்கோ நடந்த சங்கதி என்று நாமும் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் கண்காட்சி நடத்தினார். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கண்காட்சிகளுக்குப் பக்கத்தில் 1992-இல் சொன்ன பொய் எவ்வளவு பெரியது? பலகை கண்ணெதிரே இருந்தது, படித்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. படிக்காமல் நேராகக் கேமராவோடு போனவர்களைத்தான் நீங்கள் முட்டாளாக்கப்பட்டவர்கள் என்கிறீர்கள். என் பார்வையில் அந்தக் கூண்டு அவர்களை எதுவாகவும் ஆக்கவில்லை. ஏற்கெனவே எப்படிப் பார்க்கப் பழகியிருந்தார்களோ, அதை வெளியே கொண்டுவந்தது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் பலகையைப் படித்திருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன்.

சேலம் வாசகர்: மீம் போடுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?

நல்ல மீம் நல்ல அங்கதம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மீம் போட்டவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பார்க்கிறவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். இங்கே ஒருவர் தன் உடம்பைக் கொண்டுவந்து உங்கள் எதிரே வைக்கிறார். நீங்கள் சிரித்தாலும், காசு போட்டாலும், திட்டினாலும், சும்மா நின்றாலும் அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்துவிடுகிறது. அந்த வித்தியாசம் பெரியது.

சிவகாசி வாசகர்: போபால் மக்களுக்கு நஷ்டஈடு தருகிறோம் என்று பிபிசியில் பொய் சொன்ன ஆளும் இந்த ரகம்தானே? பட்டாசு விபத்தில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்த ஊரிலிருந்து கேட்கிறேன். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆசை காட்டி ஏமாற்றியதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

வந்ததிலேயே கனமான கேள்வி இதுதான். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களும் படிப்பார்கள்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி, விடிந்தால் 3. போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷ வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கில் இறந்தார்கள், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 1989-இல் 47 கோடி டாலருக்கு உச்ச நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. கடைசியில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் கைக்கு முதலில் வந்து சேர்ந்தது 25,000 ரூபாய். கெட்டுப்போன நுரையீரலோடு வாழ்நாள் முழுக்க வாழ அவ்வளவுதான். 2001-இல் டவ் கெமிக்கல் என்ற நிறுவனம் யூனியன் கார்பைடை வாங்கியது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடு மீதிருந்த ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளுக்காக 220 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. போபால் என்று வரும்போது மட்டும், அது எங்கள் பொறுப்பில்லை என்று டவ் சொல்லிவிட்டது.

'யெஸ் மென்' என்ற அமெரிக்கக் கலைஞர்கள் டவ் நிறுவனத்தின் இணையதளம் மாதிரியே ஒரு தளத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். இருபதாம் ஆண்டு நினைவு நாளுக்கு டவ் தரப்பில் யாராவது பேச வேண்டுமே என்று தேடிய பிபிசி அந்தத் தளத்துக்கு எழுதியது. 2004 டிசம்பர் 3-ஆம் தேதி காலை பாரிஸ் ஸ்டுடியோவில் கோட்டு சூட்டோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர் ஜூட் ஃபினிஸ்டெரா என்றார். ஜூட் என்பது யூதா ததேயு, கைவிடப்பட்ட காரியங்களுக்கான புனிதர் என்று கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தெரியும். ஃபினிஸ்டெரா என்றால் பூமி முடிகிற இடம். பெயரிலேயே விஷயத்தை வைத்திருந்தார். நிஜத்தில் அவர் ஆண்டி பிக்கல்பாம் என்ற புனைபெயரில் இயங்கிய கலைஞர், யெஸ் மென் அமைப்பின் இரண்டு பேரில் ஒருவர். போபாலுக்கு நாங்கள் முழுப் பொறுப்பேற்கிறோம், யூனியன் கார்பைடை விற்று 1,200 கோடி டாலரைப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மண்ணைச் சுத்தம் செய்யவும் கொடுக்கப்போகிறோம் என்று நிதானமாகச் சொன்னார். உலகம் முழுக்க ஒளிபரப்பானது. ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில் 23 நிமிஷத்தில் டவ் பங்கு 4.24 சதவீதம் விழுந்தது. அப்புறம் டவ் மறுத்தது, பிபிசி மன்னிப்புக் கேட்டது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போபாலில் அந்தக் கொஞ்ச நேரம் செய்தியை நம்பி அழுதவர்கள் இருந்தார்கள். இருபது வருஷம் காத்திருந்தவரிடம் கிடைத்துவிட்டது என்று சொல்லி, உடனே இல்லை என்பது சின்னக் காயம் இல்லை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். பாதிக்கப்பட்டோர் அமைப்புகளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றுவரைக்கும் நினைக்கிறேன். விஷயம் கசிந்துவிடும் என்ற பயம் இருந்திருக்கும், இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும். பிறகு அந்தக் கலைஞர்கள் போபாலுக்கே போய் அவர்கள் முன்னால் நின்றார்கள். ஏமாற்றமாக இருந்தது, ஆனாலும் எங்கள் விஷயத்தை உலகம் பேசியதே என்று அவர்களில் சிலர் சொன்னதைப் படமாகவும் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் மன்னித்தது அவர்களுடைய பெரிய மனசு.

ஆனால் இன்னொரு ஏமாற்றமும் அதே நாளில் வெட்டவெளிச்சமானது, அதையும் நீங்கள் தராசில் வைக்க வேண்டும். ஒரு நிறுவனம் நியாயமான காரியம் செய்யப்போகிறது என்ற செய்தி வந்ததும் சந்தை அந்த நிறுவனத்தைத் தண்டித்தது, 23 நிமிஷத்தில். யாரும் நடிக்கச் சொல்லவில்லை, பங்கை வைத்திருந்தவர்கள் தாங்களாகவே விற்றார்கள். அதற்கு மேல் டவ் தன் வாயாலேயே, இல்லை, நாங்கள் அப்படி எதுவும் கொடுக்கப்போவதில்லை என்று உலகத்துக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த மறுப்பை எத்தனை கட்டுரை எழுதியும் ஊர்வலம் போயும் அவர்கள் வாயிலிருந்து அவ்வளவு வெளிச்சத்தில் வரவழைத்திருக்க முடியாது. 2023-இல் கூடுதல் நஷ்டஈடு கேட்ட மத்திய அரசின் சீராய்வு மனுவையும் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அந்தப் பொய்யான 1,200 கோடி டாலர்தான் இந்த நாற்பது வருஷத்தில் யாராவது உரக்கச் சொன்ன நியாயமான தொகையோ என்று எனக்குச் சில நாள் தோன்றும், மனசு கனத்துப்போகும்.

கோவை வாசகர்: ஜனநாயக நாட்டில் சரி. ராணுவம் ஆளுகிற ஊரில் இதெல்லாம் நடக்குமா?

நடந்திருக்கிறது. 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. சுவரில் யாராவது அரசாங்கத்தை எதிர்த்து எழுதினால் போலீஸ் வந்து மேலே சுண்ணாம்பு மாதிரிப் பெயின்ட் அடித்துவிட்டுப் போகும். ஊர் முழுக்க வெள்ளைத் திட்டுகள். வ்ரோத்ஸ்வாஃப் நகரில் வால்டெமார் ஃபிட்ரிக் என்ற இளைஞர், 'மேஜர்' என்றால் எல்லோருக்கும் தெரியும், 1982-இல் அந்தத் திட்டுகள் மேல் குள்ளன் படம் வரைய ஆரம்பித்தார். தொப்பி போட்ட குட்டிக் குள்ளன், கையில் ஒரு பூ. வேறு ஒரு சொல்லும் கிடையாது. குள்ளனைப் பார்த்ததும் அதன் கீழே ஒரு வாசகம் அழிக்கப்பட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். குள்ளனை அழித்தால் போலீஸுக்குத்தான் அவமானம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குள்ளர்கள் போலந்து முழுக்க முளைத்தார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு 'ஆரஞ்சு மாற்று' என்று பெயர் வந்தது. கழிப்பறைக் காகிதம்கூடக் கிடைக்காத காலம் அது. 1987 அக்டோபரில் தெருவில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஆளுக்கு ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் மகளிர் தினத்தன்று கடைகளில் கிடைக்காத நாப்கின்களைத் தெருவில் கொடுத்ததற்காக மேஜரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு விட்டார்கள். 1988 ஜூன் 1-ஆம் தேதி பத்தாயிரம் பேருக்கு மேல் ஆரஞ்சுக் குல்லா போட்டுக்கொண்டு குள்ளர்களாக ஊர்வலம் போனார்கள். சட்டவிரோதமான குள்ளர் கூட்டத்தில் ஏன் கலந்துகொண்டாய் என்று கேட்கிற போலீஸ்காரரை யாரால் மதிக்க முடியும் என்று மேஜர் பிறகு கேட்டார். பயம் அங்கேதான் உடைந்தது. ஆட்சியைக் கவிழ்த்தது குள்ளர்கள் என்று சொல்ல மாட்டேன், ஒரு கோடிப் பேர் சேர்ந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கம் இருந்தது. ஆனால் தெருவுக்கு வரப் பயந்தவனை ஒரு குல்லா வெளியே கூட்டிவந்தது.

விழுப்புரம் வாசகர்: ஐயா, நம்ம கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் இதுதானே? வெளிநாட்டுக் கதை எதற்கு?

கட்டியக்காரனை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசு வராது. சின்ன வயசில் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்த கூத்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ராத்திரி பதினொரு மணி இருக்கும். திரைக்குப் பின்னால் துரியோதனன் கிரீடம் ஆட நிற்கிறான், திரைக்கு முன்னால் கட்டியக்காரன். "நாட்ல மாதம் மும்மாரி பெய்யுதா?" என்று ராஜா கேட்கிறார். "மழை பெய்யுது ராஜா, ரேஷன் கடைதான் தொறக்க மாட்டேங்குது" என்றான் இவன். கூட்டம் குலுங்கியது. முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர்களும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது, ஆனால் எல்லோரும் திரும்பி அவர்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அவன் அதைச் சொன்னான்.

ஒரு வித்தியாசம் உண்டு. கட்டியக்காரனுக்கு ஊர் ஒரு உரிமை கொடுத்திருக்கிறது, அது கூத்து என்று எல்லோருக்கும் தெரியும், விடிந்ததும் வேஷம் கலைந்துவிடும். கூண்டில் உட்கார்ந்தவர்களும் பாரிஸ் ஸ்டுடியோவில் உட்கார்ந்தவரும் இது கூத்து என்று சொல்லாமல் ஆடினார்கள். எது உசத்தி என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

ஈரோடு கல்லூரி மாணவி: எங்கள் கல்லூரி விழாவில் இந்த மாதிரி ஒன்று செய்ய ஆசை. பயமாகவும் இருக்கிறது. ஏதாவது சொல்லுங்கள்.

செய்யுங்கள் அம்மா. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களைவிட வலுவானவரைப் பார்த்து என்றால் தைரியமாகச் செய்யலாம். விடுதியில் சமைக்கிற அக்காவையோ வாட்ச்மேனையோ பார்த்து என்றால் அது வெறும் கேலி, வேண்டாம். விவரங்களை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபாருங்கள், யெஸ் மென் பேச்சு எடுபட்டதற்குக் காரணம் டவ் பற்றி அவர்கள் நுணுக்கமாகப் படித்திருந்தார்கள். யாருக்காவது மனசு நோகும் என்று தெரிந்தால் அவர்களிடம் முன்னாடியே பேசிவிடுங்கள்.

பயம் பற்றி. பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. டெல்லியில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற வீதி நாடகக் குழு இருக்கிறது. 1989 ஜனவரி 1-ஆம் தேதி, டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாதில் ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் 'ஹல்லா போல்' நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி நாடகத்தில் ஒரு கும்பல் வந்து அடித்தது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். குழுவை நடத்திய சஃப்தர் ஹாஷ்மிக்குத் தலையில் அடி, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 34 வயசு. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 14 வருஷம் ஆனது.

ஜனவரி 4-ஆம் தேதி, அவர் இறந்து இரண்டே நாளில், அவருடைய மனைவி மொலயஸ்ரீ குழுவோடு அதே ஜண்டாபூருக்குப் போனார். அதே இடத்தில் நின்று, பாதியில் நின்றுபோன நாடகத்தைக் கடைசிவரை நடத்தி முடித்தார்கள். அந்தக் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து நின்று பார்த்தார்கள், ஜனவரி 1 அன்று நடந்த அடிதடியைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்களும் வந்தார்கள்.